பின் ஸீட்டின் கட்சி

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் அந்த வண்டியை ஓட்டியவன் அல்ல. ஓட்டுகிறவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனவன். ஆனால் நான் இங்கே பேச வந்திருக்கும் விஷயத்துக்கு அதைவிடப் பெரிய யோக்கியதை வேண்டியதில்லை. இந்த விவகாரத்தில் முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாரும் வாய் ஓயப் பேசிவிட்டார்கள். பின்னால் உட்காருகிறவர்களைத்தான் இதுவரையில் யாரும் கேட்கவில்லை.

விவகாரம் நடந்த இடம் அமெரிக்கா. வட கரோலினா மாகாணத்தில், ஆஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதியின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கணவருக்கு அறுபத்து மூன்று வயது. அந்த அம்மாளுக்கு அறுபது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை மோட்டார் சைக்கிளில் நெடும் பிரயாணம் போகிறவர்கள். பழைய வண்டிக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. புது வண்டி வாங்க வேண்டும். எதை வாங்குவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு நண்பர்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்று மணி நேரம் வாதாடினார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட நாம் அத்தனை நேரம் யோசிப்பதில்லை.

போட்டி இரண்டு ரகங்களுக்குள்தான். முதல் ரகத்துக்கு 'ஸ்போர்ட் டூரர்' என்று பெயர். வேகத்தையும் வளைவையும் மனத்தில் வைத்துக் கட்டிய வண்டியில், காற்றுத் தடுப்பும் இரண்டு பக்கப் பெட்டிகளும் சேர்த்து, தூரப் பிரயாணத்துக்கும் ஏற்றதாகச் செய்தது இது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1976-ல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். வண்டியை இந்த வம்சத்தின் மூதாதை என்று சொல்லலாம். அதன் முன்மூடியை இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்தார்கள். பிறகு 1990-ல் ஹோண்டாவின் எஸ்.டி. 1100 வந்தது, அதன் பெட்ரோல் டாங்க் மட்டும் 28 லிட்டர் பிடிக்கும். 2001-ல் யமஹாவின் எஃப்.ஜே.ஆர். 1300 வந்தது. 2019-ல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஆர்.டி.யையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது ரகம் பெரிய சொகுசு டூரர். அதற்கு உதாரணமாக எல்லாரும் சொல்லும் பெயர் ஹோண்டாவின் கோல்டுவிங். 1975-ஆம் வருஷத்து மாடலாக அது முதலில் வந்தபோது 999 சி.சி. எஞ்சின்தான். காற்றுத் தடுப்பு கிடையாது, பெட்டி கிடையாது. வாங்கியவர்களே கிரெய்க் வெட்டர் என்ற அமெரிக்கர் வடிவமைத்த 'விண்ட்ஜாமர்' முன்மூடியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கம்பெனியார் கவனித்தார்கள். 1980-ல் முன்மூடியும் பெட்டிகளும் தாங்களே வைத்து விற்கத் தொடங்கினார்கள். 1988-ல் எஞ்சின் ஆறு சிலிண்டராயிற்று. அதோடு, எஞ்சினைக் கிளப்பும் சிறு மோட்டாரைக் கொண்டே வண்டியைப் பின்னுக்கு நகர்த்தும் ஏற்பாடும் வந்தது. இன்றைக்கு அது 1833 சி.சி. எஞ்சினும், பின்னால் சாய்மானமும், பாட்டுப் பெட்டியும், சூடேறும் ஆசனமுமாக ஒரு சின்ன சமஸ்தானம் போல் நிற்கிறது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரும் இந்தச் சமஸ்தானத்தைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். "இரண்டு சக்கரத்தின்மேல் வைத்த சோபா" என்றார் ஒருவர். "இதை வாங்குவதற்கு ஒரு கார் வாங்கிவிடலாமே!" என்றார் இன்னொருவர். "கிழவர்கள் வண்டி" என்றார் மூன்றாமவர். அவருக்கு வயது எழுபது. வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனம் ஸ்போர்ட் டூரர் பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது என்பது தெரிந்தது. அதன் பிறகு தாம் போய் வந்த பிரயாணங்களை வர்ணிக்க ஆரம்பித்தார்.

அந்த வர்ணனையில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மற்றவர்கள் பேச்சில் காது வைக்கும் கெட்ட வழக்கம் உண்டு. மழையில் நனைந்தது, ஓட்டலில் இடம் கிடைக்காமல் அலைந்தது, ஆறிப்போன சூப் சாப்பிட்டது, இவற்றையெல்லாம் அவர் 'நாங்கள்' என்று சொன்னார். வளைவு வந்ததும் அது 'நான்' ஆகிவிட்டது. "நான் வண்டியைச் சாய்த்தேன், நான் கியரை மாற்றினேன், நான் அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்." அந்த வளைவுகளில் பின்னால் உட்கார்ந்திருந்த மனுஷி என்ன ஆனாள்? வண்டியிலிருந்து இறங்கிவிட்டாளா? இல்லை. அவரோடுதான் சாய்ந்தாள். ஆனால் வாக்கியத்தில் அவளுக்கு இடமில்லை.

நண்பர்கள் போன பிறகு, சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் சாதாரணமாக, ஏதோ வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்:

"வழியில் எங்கேயாவது பள்ளத்தாக்கு அழகாகத் தெரிந்தால் நிறுத்தச் சொல்லுவேன். எனக்கு இயற்கைக் காட்சியில் அவ்வளவு பிரியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காட்சியில் எனக்கு ஒன்றும் குறைவான பிரியம் இல்லை. ஆனால் நிறுத்தச் சொல்வது முழங்காலை நீட்டுவதற்காகத்தான். நாற்பது மைலுக்கு ஒரு பள்ளத்தாக்கு எனக்கு வேண்டியிருக்கிறது."

"அவரிடம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னால் அவர் போவதை நிறுத்திவிடுவார். இல்லாவிட்டால் என்னை விட்டுவிட்டுப் போவார். இரண்டும் எனக்கு இஷ்டமில்லை" என்றார் அந்த அம்மாள்.

இதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அவருடைய பழைய ஸ்போர்ட் டூரரின் பின் ஸீட்டில் நானே ஏறிக்கொண்டேன். எந்தக் கம்பெனி வண்டி என்பது முக்கியமில்லை. அந்த ரகம் முழுவதற்கும் பொதுவான விஷயத்தைத்தான் சொல்கிறேன். எண்பது மைல் போனோம். அடுத்த வாரம், 'சோபா' வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கெஞ்சி, அதே எண்பது மைலை அவர் பின்னால் உட்கார்ந்து போய்வந்தேன். முதல் பிரயாணம் முடிந்து இறங்கியபோது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது பிரயாணம் முடிந்ததும் உள்ளே போய்க் காப்பி போட்டேன்.

இது என் உடம்பின் குற்றம் என்று யாராவது சொல்வார்களானால், யந்திர சாஸ்திரத்தைக் கொஞ்சம் கேட்கட்டும். ஸ்போர்ட் டூரர் வளைவில் நன்றாகச் சாய வேண்டும். சாயும்போது காலடிக் கட்டை தரையில் உராயக் கூடாது. ஆகவே கட்டையை உயரத்தில் வைக்கிறார்கள். கட்டை உயர்ந்தால் முழங்கால் மடங்குகிறது. முன்னால் இருப்பவருக்கும் மடங்குகிறது, பின்னால் இருப்பவருக்கு இன்னும் அதிகமாக மடங்குகிறது. அடுத்தாற்போல், வண்டி சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டுமென்றால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள தூரம் குறைவாக இருக்க வேண்டும். ஆர் 1250 ஆர்.டி.யில் அது 1485 மில்லிமீட்டர். கோல்டுவிங்கில் 1695. வித்தியாசம் 21 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். இந்த ஒரு சாண் எங்கிருந்து குறைகிறது? ஓட்டுகிறவர் பங்கிலிருந்து குறையாது. பின்னால் இருப்பவர் பின் சக்கரத்தின் உச்சந்தலையில் போய் உட்காருகிறார். சாலையிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் முதலில் அவருடைய முதுகெலும்பில்தான் கையெழுத்துப் போடுகிறது.

பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓட்டுகிறவருக்குக் கைப்பிடி இருக்கிறது. எப்போது பிடிக்கப் போகிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. அவர் முன்னால் சரிகிறார். அவருடைய ஹெல்மெட் இவருடைய ஹெல்மெட்டில் 'டொக்' கென்று மோதுகிறது. முன்னால் இருப்பவர் உடனே, "பார்த்து உட்காரக் கூடாதா?" என்கிறார். இந்த அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். அவர்களுடைய முக்கியமான ஆயுதம் எடை. ஆர் 1250 ஆர்.டி.யின் எடை 279 கிலோ. கோல்டுவிங் டூர் சுமார் 380 கிலோ. ஒரு பெரிய அரிசி மூட்டை அளவுக்கு வித்தியாசம். சரளைக் கல் போட்ட சரிவில், நின்ற இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அறுபத்து மூன்று வயது மனிதர் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. இது வாஸ்தவம். இதை நான் மறுக்கவில்லை. சொகுசு வண்டி வாங்குகிறவர் இதை யோசிக்காமல் வாங்கினால் அவர் அசடுதான். ஆனால் கனம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கோல்டுவிங்கின் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கின்றன. கனம் தாழ்ந்து கிடக்கிறது. ஆசனம் தரையிலிருந்து 745 மில்லிமீட்டர் உயரம், ஆர்.டி.யில் ஆசனத்தைத் தாழ்த்தி வைத்தால்கூட 805. கால் இரண்டும் தரையில் அழுத்தமாகப் பதிகிறது. பின்னுக்கு நகர்த்த யந்திரமே உதவுகிறது. புறப்பட்டுவிட்டால் அந்த மூட்டை எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. நிற்கும்போது ஐந்து நிமிஷக் கஷ்டம் முன்னால் இருப்பவருக்கு. ஓடும்போது ஐந்து மணி நேரக் கஷ்டம் பின்னால் இருப்பவருக்கு. இரண்டில் எது பெரிதென்று தராசில் வைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆயுதம் வளைவு. அந்தப் பக்கத்தில் டென்னஸி எல்லையில் டீல்ஸ் கேப் என்ற இடம் இருக்கிறது. 129-ஆம் எண் சாலையில் அங்கே 11 மைல் தூரத்துக்குள் 318 வளைவுகள். 'டிராகனின் வால்' என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் இருபது வயது குறைந்துவிடும். நான் அதைப் பரிகசிக்கவில்லை. மனிதனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தம்பதி வருஷா வருஷம் பிரயாணம் போவது புளூ ரிட்ஜ் பார்க்வேயில். வர்ஜீனியாவின் ஷெனந்தோவா வனத்திலிருந்து வட கரோலினாவின் ஸ்மோக்கி மலை வரையில், மலை முதுகின்மேலேயே போகும் சாலை அது. நீளம் 469 மைல். அதில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 45 மைல். 136 குதிரை சக்தியை வைத்துக்கொண்டு 45 மைல் வேகத்தில் என்ன சாகஸம் செய்வது? வாழைப்பழம் உரிக்க வீச்சரிவாள் எதற்கு? பதினொரு மைலுக்காக ஒரு வண்டியை வாங்கிவிட்டு, நானூற்று அறுபத்தொன்பது மைலுக்கு ஒருவரைத் துன்பப்படுத்துவதா? கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லட்டும்.

மூன்றாவது ஆயுதம்தான் விஷம் தோய்ந்தது. 'கிழவர்கள் வண்டி' என்கிற பேச்சு. உண்மையில் ஆண்பிள்ளைகள் பயப்படுவது எடைக்கும் இல்லை, பெட்ரோல் செலவுக்கும் இல்லை. இந்தச் சொல்லுக்குத்தான். வண்டிக் கடைக்குப் போகிற அறுபது வயதுக்காரர் வண்டியையா பார்க்கிறார்? கண்ணாடி ஷோகேஸில் தெரிகிற தம்முடைய பிம்பத்தைப் பார்க்கிறார். சற்றே முன்னால் குனிந்த தோரணை, மெல்லிய வால், கூர்மையான மூக்கு! இவையெல்லாம் சேர்ந்து, "உனக்கு இன்னும் வயதாகவில்லை" என்று அவரிடம் ரகசியம் பேசுகின்றன. அந்த ஒரு பொய்யைக் கேட்பதற்காக அவர் இத்தனை ஆயிரம் டாலரைக் கொட்டத் தயாராக இருக்கிறார். தம் பணத்தில் தமக்கு ஒரு பொய்யை வாங்கிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பொய்க்கு வட்டி கட்டுவது இன்னொருவருடைய முழங்கால் என்றால், அங்கே உரிமை முடிந்துவிடுகிறது.

சொகுசுக் கட்சிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டுப் பெட்டியும் வர்ணத் திரையும் எனக்குப் பொருட்டல்ல. மலைக்காற்றில் போகும்போது ரேடியோ கேட்கிறவரை நான் ரஸிகர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அண்டை வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெரிய வண்டி வாங்குகிற டம்பமும் இளமை வேஷத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. 2006-ஆம் வருஷத்து கோல்டுவிங்கில், மோட்டார் சைக்கிள்களிலேயே முதன்முதலாகக் காற்றுப் பை வைத்தார்கள், பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பை விரிவது முன்னால் இருப்பவருக்கு முன்னால். 2018-ல் அதே வண்டியைப் புதிதாக வடிவமைத்துச் சுமார் 40 கிலோ எடையைக் குறைத்தார்கள். ஓட்டுகிறவர்களும் பத்திரிகைகளும் பாராட்டிய அந்தச் சிக்கனத்தில் பின்பெட்டியும் சேர்ந்து சுருங்கியது. 2021-ல் அந்தப் பெட்டியை 11 லிட்டர் கூட்டி 61 லிட்டராக்கினார்கள். பின் ஸீட்டின் சாய்மானத்தையும் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார்கள். பின்னால் உட்காருகிறவர்களை அடியோடு மறந்துவிட்டு இந்த வியாபாரத்தை நடத்த முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பத்திரிகைகளைச் சொன்னேன். வீட்டுக்காரர் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இரண்டு வண்டிகளை ஒப்பிடுவதற்குப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். எஞ்சினுக்கு இரண்டு பக்கம், பிரேக்குக்கு ஒரு பக்கம், வளைவுக்கு மூன்று பக்கம். பின் ஸீட்டுக்கு ஒரு பாரா! அதுவும், சோதனை செய்தவர் தம் கையால் பஞ்சை அழுத்திப் பார்த்து எழுதினாற்போல் இருக்கும். சாப்பாட்டைப் பற்றிய அபிப்பிராயத்தைப் பரிமாறுகிறவரிடம் மட்டும் கேட்டு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

ஆகையால் என் தீர்ப்பு இதுதான். தனியாகப் போகிறவர் ஸ்போர்ட் டூரரை வாங்கட்டும், சந்தோஷமாக வாங்கட்டும். இலேசான வண்டி, நன்றாகத் திரும்பும் வண்டி, விழுந்தாலும் எப்படியோ தூக்கி நிறுத்தலாம். அவருடைய முழங்கால் அவருடைய சொத்து. எப்போதாவது ஒரு நாள் பக்கத்து ஊர் வரையில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும் அது போதும். ஆனால் பிரயாணம் என்றாலே இரண்டு பேர் என்று இருக்கிறவர்கள், இருநூறு மைலும் முந்நூறு மைலும் ஒரே நாளில் போகிறவர்கள், பெரிய வண்டியைத்தான் வாங்க வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்க உடம்பில் வலுவில்லை என்றால் பிரயாணத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். அல்லது காரில் போக வேண்டும். பின்னால் இருப்பவருடைய பொறுமையை மூலதனமாக வைத்து வேகத்தை அனுபவிக்கிற வியாபாரம் மட்டும் உதவாது.

உதவாது என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தர்ம நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய சுயநலத்துக்கே அது நஷ்டம். நாற்பது மைலுக்கு ஒரு பள்ளத்தாக்குக் கேட்கிற அம்மாள் நாளைக்கு முப்பது மைலில் கேட்பார். அப்புறம் ஒரு வருஷம், "நீங்கள் போய்வாருங்கள், எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது" என்பார். சண்டை இராது, அழுகை இராது. அவர் தனியாகப் போவார். மலை உச்சியில் வண்டியை நிறுத்தி, "பார்த்தாயா?" என்று பழக்கத்தில் திரும்புவார். பின்னால் மழைக்கோட்டு மூட்டைதான் இருக்கும். இந்த முப்பது வருஷமாகத் தம்மைப் பிரயாணத்துக்கு இழுத்தது எஞ்சின்தானா, வேறு எதுவுமா என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். அன்றைக்கு எந்தக் கடையிலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

வீட்டுக்காரரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. பிறர் சமையலறையில் கேட்டதை வரவேற்பறையில் சொல்லும் உரிமை விருந்தாளிக்குக் கிடையாது. அந்த அம்மாளிடம் மட்டும், ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள், "கடைக்குப் போகும்போது நீங்களும் போங்கள், பின் ஸீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அரை மணி நேரம் அவர் நிற்பாரா?" என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. கடைக்குப் போனார்களாம். இரண்டு வண்டிகளிலும் அரை அரை மணி நேரம் உட்கார்ந்தாராம். கணவர் முதல் பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தாராம். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். "முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று அவராகவே கேட்டாராம்.

எந்த வண்டியை வாங்கினார்கள் என்று கடிதத்தில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.